கடற்காற்று எத்தனை மணிக்கு வரும்? மார்ச் முதல் மே வரை ஒரு சென்னைக் கணக்கு

கேள்வி, பிப்ரவரி 28

"மார்ச் முதல் மே வரை வெப்பம் இயல்பைவிட அதிகமாக இருக்க வாய்ப்பு என்று வானிலை ஆய்வுத் துறையின் முன்னோட்டம் சொல்கிறது. மே 23 மாலை 6.30 மணிக்கு மகளின் திருமண வரவேற்பைக் கோவளத்துக்கு அருகே திறந்த புல்வெளியில் நடத்தத் திட்டமிட்டிருக்கிறோம். 'கடலோரத்துக்கு இதெல்லாம் கிடையாது, எச்சரிக்கை வேலூர், திருத்தணிக்காரர்களுக்குத்தான்' என்கிறார் சம்பந்தி. அவர் சொல்வது சரியா? குளிர்சாதன மண்டபத்துக்கு மாற்றுவதென்றால் மார்ச் 15க்குள் சொல்லியாக வேண்டும்."

பிப்ரவரி 28, இரவு 9.40

சம்பந்தியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் வெப்பமானியைப் பற்றிப் பேசுகிறார், அதில் தவறில்லை. உங்கள் விருந்தினர்களுக்கு வியர்க்குமா என்பது வேறு கேள்வி.

முதலில் முன்னோட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். பழைய கோடைகளை வெப்பத்தின்படி வரிசைப்படுத்தி மூன்று சம பங்காகப் பிரித்து, வரப்போகும் கோடை மேல் பங்கில் விழ எவ்வளவு வாய்ப்பு, நடுப் பங்கில் எவ்வளவு, கீழ்ப் பங்கில் எவ்வளவு என்றுதான் அது கணக்கிடுகிறது. எதுவுமே தெரியாவிட்டால் மூன்றுக்கும் தலா 33 விழுக்காடு. ஒரு பகுதி வரைபடத்தில் அடர்ந்த சிவப்பாக இருந்தால், மேல் பங்குக்கான வாய்ப்பு அங்கே கூடுதல் என்று பொருள். அத்தனை டிகிரி கூடும் என்று பொருள் அல்ல. தொலைக்காட்சியில் அந்தச் சிவப்பைக் காட்டி "தமிழகம் கொதிக்கப் போகிறது" என்று சொல்பவர்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள். மே 23 என்ற ஒரு நாளைப் பற்றி மூன்று மாத முன்னோட்டத்துக்கு எதுவும் தெரியாது.

சென்னையின் இயல்பையும் மனத்தில் கொள்ளுங்கள். நுங்கம்பாக்கம் ஆய்வு நிலையத்தில் பகல் வெப்பத்தின் சராசரி ஏப்ரலில் 35ஐ ஒட்டியும் மே மாதத்தில் 37ஐ ஒட்டியும் இருக்கும். இந்தச் சராசரி ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் திருவான்மியூரில் இருக்கும் எனக்குப் பெரிதாகத் தெரியாது. எனக்குத் தெரிவதெல்லாம் கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்பதுதான். பதினொன்றுக்கு வந்தால் அது நல்ல நாள், இரண்டரைக்கு வந்தால் கெட்ட நாள். என் கோடைக் கணக்கு இவ்வளவுதான்.

மார்ச் 1, காலை 6.50

"இளவேனில் முன்னோட்டம்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். நம் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். அப்படியானால் மே 23 நட்ட நடு இளவேனிலில் வருகிறது. அந்த நேரத்தில் சென்னையில் நின்றுகொண்டு அதை "இளம்" என்று அழைக்கப் பெரிய மனம் வேண்டும். பின்பனி என்ற பெயர் மட்டும் பொருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இன்று காலை என் ஸ்கூட்டர் இருக்கையைத் துடைத்தபோது துணி நனைந்தது. இந்தப் பனி நிற்கும் நாளைக் குறித்து வைத்துக்கொள்வது என் வழக்கம். அது நின்றால் இரவும் சூடேறத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மார்ச் 4, மாலை 5.15

"வெப்ப அலை நாட்கள் கூடும் என்றும் முன்னோட்டத்தில் இருக்கிறதே, அது சென்னைக்கு இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோரத்துக்காரர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

வெப்ப அலை என்பது நினைத்தபடி பயன்படுத்தும் சொல் அன்று, அதற்கு வரையறை உண்டு. சமவெளியில் வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். அது அந்த இடத்தின் இயல்பைவிட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ அதிகமாகவும் இருக்க வேண்டும். கடலோர நிலையங்களுக்கு அந்த 40 என்ற வாசல் 37 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் 4.5 டிகிரி விலகல் என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது. அதோடு, ஒரு வட்டாரத்தில் இரண்டு நிலையங்களிலாவது தொடர்ந்து இரண்டு நாட்கள் இந்த நிலை இருந்தால்தான் அறிவிப்பு வரும்.

இதை நுங்கம்பாக்கத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஏப்ரலின் இயல்பு 35 என்றால் 39.5ஐ எட்ட வேண்டும். மே மாதத்தின் இயல்பு 37 என்றால் 41.5ஐ எட்ட வேண்டும். அந்த அளவு வருவதற்குக் கடற்காற்று ஏறக்குறைய முழுப் பகலும் முடங்கிக் கிடக்க வேண்டும். ஆக, 36 டிகிரியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, விசிறிக்குக் கீழேயும் கழுத்து ஈரமாகவே இருக்கும் நாட்கள் எத்தனை வந்தாலும் "வெப்ப அலை நாட்கள்" என்ற எண்ணிக்கையில் அவற்றுக்கு இடமே இல்லை. அவற்றுக்கென்று மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் வேறொரு வாக்கியம் வரும். அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் சேரும்பொழுது ஓரிரு இடங்களில் "அசௌகரியம் ஏற்படலாம்" என்பது அதன் சாரம். அறிக்கையில் நாம் பார்க்க வேண்டிய வரி அது, ஆனால் அதை எந்தத் தொலைக்காட்சியும் சிவப்பெழுத்தில் ஓட விடுவதில்லை.

மார்ச் 6, இரவு 8.05

வேலூரைவிடச் சென்னை குளிர்ச்சி என்பதற்குச் சம்பந்தியின் சார்பில் ஒருவர் வாதாடியிருக்கிறார். பள்ளியில் முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் ஒரு சின்னக் கணக்கை முன்வைக்கிறேன்.

ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால், நீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். அப்போது அது காட்டும் அளவு ஈரக்குமிழ் வெப்பநிலை. நம் உடம்பும் வியர்வை என்னும் ஈரத் துணியைச் சுற்றிய ஒரு குமிழ்தான் என்பதால், வியர்வை நம்மை எவ்வளவு குளிர்விக்க முடியும் என்பதற்கு அந்த எண் ஓர் எல்லை போடுகிறது. வேலூரில் 40 டிகிரியும் 25 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும் ஒரு பிற்பகலை எடுத்துக்கொண்டால் ஈரக்குமிழ் 24ஐ ஒட்டி நிற்கும். சென்னையில் 35 டிகிரியும் 60 விழுக்காடும் இருந்தால் அது 28ஐத் தாண்டிவிடும். வெப்பமானியில் ஐந்து டிகிரி குறைவாக இருக்கும் ஊர், உடம்பின் கணக்கில் நான்கு டிகிரி கூடுதலாக இருக்கிறது. அதே 35 டிகிரியை 60 விழுக்காடு ஈரப்பதத்தோடு சேர்த்து வெப்பக் குறியீட்டு அட்டவணையில் தேடினால், உடம்புக்கு 45 போலத் தோன்றும் என்று இருக்கும்.

வேலூரில் காயவைத்த வேட்டி ஒரு மணி நேரத்தில் மொரமொரவென்று ஆகிவிடும், என் மொட்டை மாடியில் அதற்கு அரை நாள் பிடிக்கும். வேட்டி காயாத இடத்தில் ஆளும் காயமாட்டார்.

மார்ச் 6, இரவு 8.30

வேலூர் வெயில் பாதுகாப்பானது என்று நான் சொல்லவில்லை. அங்கே நிழலை விட்டு வெளியே நிற்க முடியாது, இங்கே நிழலிலும் நிற்க முடியாது. இரண்டும் வேறு வேறு தொல்லைகள்.

மார்ச் 11, காலை 10.20

கெடு நெருங்குவதால் கேட்டவருக்கு: மே மாதத்தில் உங்கள் நிகழ்ச்சியை வெயிலைவிட அதிகம் பாதிக்கக்கூடியது வங்கக் கடல்தான். அதைப் பற்றி மூன்று மாத முன்னோட்டம் வாய் திறக்காது.

ஏப்ரல் பின்பாதிக்குப் பிறகு வங்கக் கடலின் மேற்பரப்பு 30 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தச் சூட்டில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால், அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்துச் சென்னைக்கு இரண்டு எதிரெதிரான விளைவுகள் உண்டு. நம் கரைக்குப் பக்கமாக வந்தால் மேகமும் மழையும் கிடைத்து நாலைந்து நாட்களுக்குக் கோடையே இல்லாதது போல இருக்கும். 2010 மே மாதம் லைலா புயல் அப்படி வந்தது; ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரையேறுவதற்கு முன் நமக்கும் மழை கொடுத்துவிட்டுப் போனது. 2016 மே மாதம் ரோனு, 2022 மே மாதம் அசானி ஆகியவையும் அந்த வகைதான். மாறாக, புயல் நம்மைத் தொடாமல் வடக்கே விலகிப் போனால், அதன் சுழற்சி நிலப்பரப்பின் வறண்ட மேற்குக் காற்றைச் சென்னை வழியாக இழுத்துக்கொள்ளும். அப்போது கடற்காற்று கரையிலேயே நின்றுவிடும். 2019 ஏப்ரல் கடைசியில் உருவான ஃபானி தமிழகக் கரைக்கு வரும் என்று தொடக்கத்தில் எதிர்பார்த்தோம். அது வளைந்து ஒடிசாவுக்குப் போய், மே 3 அன்று புரி அருகே கரையேறியது. ஏரிகள் வற்றிக்கொண்டிருந்த ஆண்டு அது. மொட்டை மாடியில் மழைநீருக்காக வைத்த அண்டாவை நான் எடுக்காமலே விட்டிருந்தேன். மே நடுவில் போய்ப் பார்த்தபோது உள்ளே தூசியும் ஒரு காக்கை இறகும் இருந்தன.

ஆகவே திறந்தவெளி மட்டுமே போதும் என்று முடிவெடுக்காதீர்கள். மேடையைப் புல்வெளியில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டை மட்டுமாவது கூரையுள்ள இடத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

மார்ச் 12

கேட்டவர் தனிமடலில் பதில் அனுப்பியிருக்கிறார். சாப்பாடு குளிர்சாதனக் கூடத்துக்குப் போய்விட்டது, மேடை புல்வெளியிலேயே இருக்கிறது. சம்பந்தி இதைத் தம் வெற்றியாக அறிவித்துவிட்டாராம்.

மார்ச் 22, காலை 7.10

ஸ்கூட்டர் இருக்கையில் மூன்று நாட்களாகப் பனி இல்லை.

மார்ச் 27, இரவு 9.00

இந்த ஆண்டு கடற்காற்றுக்கு ஒரு பதிவேடு போடத் தொடங்கியிருக்கிறேன். கருவி எதுவும் பெரிதாக இல்லை. கிழக்குச் சன்னலில் ஒரு மெல்லிய திரைச்சீலை தொங்குகிறது. காலையில் அது சன்னல் கம்பியோடு ஒட்டிக் கிடக்கும், அல்லது அசையாமல் தொங்கும். கடற்காற்று வந்ததும் ஒரு தடவை லேசாக உப்பித் தளரும். இரண்டாவது தடவை உப்பும்போது அப்படியே நின்றுவிடும். அந்த இரண்டாவது உப்பலைத்தான் நேரமாக எழுதுகிறேன். எழுதியதும் பூந்தமல்லியில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்வேன். அவளுடைய வேலை, தன் வீட்டு வாசல் வேப்பமரம் கிழக்கேயிருந்து அசையத் தொடங்கும் நேரத்தைச் சொல்வது.

இந்த வாரம் எனக்குப் பதினொன்றுக்கு முன்னும் பின்னுமாக வந்தது. அக்காவுக்கு ஒன்றரை, இரண்டு மணி. எங்களுக்கு இடையே இருபது கிலோமீட்டர் தூரம்கூட இல்லை, ஆனால் நடுவில் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. அவளுடைய ஊருக்குப் பகல் உச்சம் முடிந்த பிறகுதான் காற்று போய்ச் சேருகிறது, எனக்கு உச்சத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. "சென்னையின் வெப்பநிலை" என்று ஒரே எண்ணைச் சொல்வதில் உள்ள பொய் இதுதான். நுங்கம்பாக்கத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் தனித்தனியே அளவு சொல்வதற்கும் காரணம் இதுதான்.

ஏப்ரல் 2, மாலை 4.30

ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான புதிய முன்னோட்டம் வந்திருக்கிறது. எல் நினோவைப் பற்றி, அதாவது பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் இயல்பைவிடச் சூடாகும் நிலையைப் பற்றி, மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எல் நினோ ஆண்டுகளின் கோடை நம் பக்கம் சூடாக இருக்கும் போக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் பசிபிக் கடலின் நிலையைக் கணிப்பதற்கு ஆண்டிலேயே மிகக் கடினமான காலம் மார்ச் முதல் மே வரைதான். அந்த மாதங்களில் கடலுக்கும் காற்றுக்கும் உள்ள பிடி தளர்ந்துவிடுவதால், அதற்கு முன் செய்த கணிப்புகள் அந்த இடத்தைத் தாண்டும்போது வலுவிழக்கின்றன. நாம் எந்த மாதங்களைப் பற்றி அறியத் துடிக்கிறோமோ அதே மாதங்களில் பசிபிக் பிடிகொடுக்காமல் இருக்கிறது. வரவேற்பு வைத்திருப்பவர் எல் நினோவைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏப்ரல் 9, இரவு 7.45

ஒரு திருத்தம், அதோடு ஒரு வெட்கக்கேடு.

ஈரக்குமிழைப் பற்றி அத்தனை பேசிவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், இரண்டு சாதாரண வெப்பமானிகளை வாங்கி, ஒன்றின் குமிழில் பருத்தித் திரியைச் சுற்றி, அதன் நுனியை ஒரு சிறு குப்பித் தண்ணீரில் விட்டுப் பின்பக்க வராந்தாவில் மாட்டியிருந்தேன். கடந்த ஐந்து நாட்களாக ஈரக்குமிழ் 30, 31 என்று காட்டியது. 31 என்பது எங்கேயும் அபாயகரமான அளவு. அதை நம்பி இங்கே அவசரமாக ஒரு பதிவும் எழுதினேன். நல்லவேளையாக அனுப்பவில்லை.

இன்று திரியைத் தொட்டுப் பார்த்தேன். அது துணியாகவே இல்லை, அப்பளம் போல விறைத்திருந்தது. எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஆவியான தண்ணீர் போய்விட்டது, உப்பு திரியிலேயே தங்கி வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பொருக்குத் தட்டிய திரி சரியாக ஆவியாக விடாது. ஆவியாகாவிட்டால் குமிழ் குளிராது. ஆக, நான் அளந்தது ஊரின் ஈரப்பதத்தை அல்ல, எங்கள் கிணற்றின் உப்பை. பள்ளி ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும் என்று எத்தனை மாணவர்களைத் திட்டியிருப்பேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீரை வாங்கி, புதுத் திரி போட்டதும் 27 என்று இறங்கிவிட்டது.

வெப்பமானியைக் கைப்பிடிச் சுவரில் மாட்டிவிட்டு "எங்கள் தெருவில் 44" என்று எழுதுபவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன். ஆய்வு நிலையத்தில் கருவிகள் வெள்ளையடித்த, இரட்டைச் சட்டங்கள் கொண்ட ஒரு மரப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்குக் குறையாத உயரத்தில், வெயில் நேரே படாதபடி வடக்கே கதவு வைத்து இருக்கும். உங்கள் சுவர் பகலெல்லாம் வெயில் குடித்த சுவர். அது காட்டுவது சுவரின் சூடு.

ஏப்ரல் 15, காலை 9.15

இன்று முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, மொத்தம் 61 நாட்கள். குப்பத்துப் பக்கம் நடக்கப் போயிருந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் என் திரைச்சீலைப் பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காத்து வர்ற நேரத்தைப் பாக்குறீங்க, சரி. எப்ப விழுதுன்னு பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை என்றேன். "கச்சான் கிளம்பட்டும், அப்ப தெரியும்" என்று வலைக்குத் திரும்பிவிட்டார்.

கச்சான் என்பது மேற்கேயிருந்து அடிக்கும் காற்று. இப்போது நமக்கு அடிப்பது தெற்கும் தென்கிழக்கும். இந்தக் காற்று இருக்கும்வரை கடற்காற்றுக்குத் தடை இல்லை, இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். மே பின்பாதியில் தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கத் தொடங்கும்போது நிலத்திலிருந்து கடலை நோக்கி மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, தள்ளும். அதை எதிர்த்துத்தான் கடற்காற்று உள்ளே வர வேண்டும். சென்னையில் ஆண்டின் மிகச் சூடான நாட்கள் சூரியன் தலைக்கு நேரே வரும் ஏப்ரல் இறுதியில் இல்லாமல், மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் விழுவதற்கு இந்த மல்லுக்கட்டுதான் காரணம்.

ஏப்ரல் 21, இரவு 10.30

பெரியவர் கேட்ட கேள்வி என் பிப்ரவரி 28 பதிவைக் கவிழ்த்துவிட்டது. அதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

கடற்காற்று வந்தால் நிம்மதி என்று எழுதினேன். நல்ல திரி கிடைத்த பிறகு, காற்று வருவதற்கு முன்னும் பின்னும் இரண்டு குமிழ்களையும் படித்துப் பார்த்தேன். இன்று காற்றுக்கு முன் உலர்குமிழ் (திரி சுற்றாத வெப்பமானி) 37, ஈரக்குமிழ் 26. காற்று வந்து முக்கால் மணி நேரம் கழித்து உலர்குமிழ் 34, ஈரக்குமிழ் 28. ஒரு தடவை அல்ல, பார்த்த எட்டு நாட்களில் ஆறில் இதே கதைதான். அதாவது கடற்காற்று மூன்று டிகிரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக அதைவிடத் தொல்லையான ஈரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது. கடலுக்கு மேல் நெடுந்தூரம் வந்த காற்று வேறு எப்படி இருக்கும்? உலர்ந்த 37ஐவிட ஈரமான 34 வியர்வைக்குக் கடினம்.

அப்படியானால் காற்று வந்ததும் "அப்பாடா" என்கிறோமே, அது பொய்யா என்றால், பொய் இல்லை. அந்த "அப்பாடா" காற்றின் வேகத்துக்கு உரியது, அதன் குளிர்ச்சிக்கு அன்று. தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அது அடித்துக்கொண்டு போவதால் வியர்வை ஆவியாகிறது. காற்று விழுந்த கணத்தில் அந்த உதவி போய்விடுகிறது, பகலெல்லாம் கொண்டுவந்து கொட்டிய ஈரம் மட்டும் அப்படியே இருக்கிறது. இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெருவில் எல்லோரும் வாசலில் நின்று "ஒரே இறுக்கமாக இருக்கிறது" என்று சொல்வது அந்த நேரத்தைத்தான்.

ஆகவே பதிவேட்டில் இன்று முதல் இரண்டு பத்திகள்: காற்று வந்த நேரம், விழுந்த நேரம்.

மே 4, காலை 8.00

கத்திரி தொடங்கிவிட்டது, இனி தினமும் நெருப்புதான் என்று எழுதியவருக்கு: அக்னி நட்சத்திரம் பஞ்சாங்கக் கணக்கு. சூரியன் பரணியின் பின்பாதங்களிலும் கார்த்திகையிலும் ரோகிணியின் தொடக்கத்திலும் இருக்கும் காலம், ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை. வானிலை ஆய்வுத் துறை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அதைக் கேலி செய்யவும் மாட்டேன், ஆண்டின் சூடான மூன்று வாரங்களை அது பெருமளவு சரியாகவே பிடித்திருக்கிறது. அது முடிந்த மறுநாள் வெயில் குறைந்துவிடும் என்று நம்புவதுதான் பிழை. கடலோரத்தில் கத்திரிக்குப் பிந்தைய வாரம் பல ஆண்டுகளில் கத்திரியைவிடக் கொடுமையாக இருந்திருக்கிறது.

மே 12, அதிகாலை 3.20

தூங்க முடியாததால் எழுதுகிறேன். உலர்குமிழ் 29, ஈரக்குமிழ் 27. முன்னோட்டத்தைப் படிக்கும்போது எல்லோரும் அதிகபட்ச வெப்பநிலை வரைபடத்தைப் பார்க்கிறோம், பக்கத்திலேயே இருக்கும் குறைந்தபட்ச வெப்பநிலை வரைபடத்தை விட்டுவிடுகிறோம். மே மாதத்தில் நுங்கம்பாக்கத்தின் இரவுச் சராசரி 28ஐ ஒட்டி இருக்கும். கடலே 30 டிகிரி இருக்கும்போது இரவு அதற்குக் கீழே எவ்வளவு இறங்க முடியும்? பத்து மணிக்கு மொட்டை மாடிச் சுவரில் கை வைத்தபோது சுவர் இன்னும் சுட்டது. மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்று ஏப்ரலில் கேட்டவருக்கு நான் பதில் சொல்லாமல் விட்டது இப்போது உறுத்துகிறது. அடியுங்கள்.

மே 19, மாலை 6.00

வரவேற்புக்கு இன்னும் நான்கு நாட்கள். இந்தத் தொலைவில் முன்னறிவிப்பை நம்பலாம். வங்கக் கடலில் எதுவும் இல்லை. வறண்ட வானிலை, பகல் இயல்பை ஒட்டி, மேல்காற்று லேசாகத் தொடங்கியிருக்கிறது. கடந்த வாரப் பதிவேட்டின்படி காற்று எனக்கு ஒன்றேகாலுக்கு வந்து ஒன்பதரைக்கு விழுகிறது. கோவளம் கடலை ஒட்டியே இருப்பதால் சற்று முன்னதாகவே வரும். 6.30 முதல் 9.30 வரை புல்வெளி நன்றாக இருக்கும் என்று கேட்டவருக்குச் சொல்லியிருக்கிறேன். மேடையில் நிற்பவர்களுக்குப் பின்னால் துணித் தடுப்புக் கட்டிக் காற்றை மறைத்துவிட வேண்டாம் என்றும் சொன்னேன்.

மே 24, காலை 11.00

கேட்டவர் நேற்று நடந்ததை எழுதியிருக்கிறார். ஆறரைக்கு நல்ல காற்று அடித்திருக்கிறது. மணப்பெண்ணின் தலைப்பூ ஒரு பக்கமாகவே சாய்ந்ததாகப் புகைப்படக்காரர் புலம்பினாராம். எட்டே முக்காலுக்கு, அதாவது நான் சொன்னதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாக, காற்று நின்றுவிட்டது. மேடைக்கு முன் பட்டுச் சேலையோடு வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் பத்து நிமிடத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்குள் புகுந்துவிட, முதல் பந்தியில் இடம் இல்லாமல் கதவருகே நெரிசல். அந்த நேரத்தில் மேடையில் மணமக்களோடு நின்றவர் சம்பந்தி ஒருவர்தானாம். வெளியே தட்டில் வைத்திருந்த அப்பளம் நமத்துப்போனது.

கணக்கில் எங்கே தவறினேன் என்று யோசித்தேன். திருவான்மியூரில் என் திரைச்சீலை இரண்டாவது மாடியில் இருக்கிறது. அங்கே விழாத காற்று, சுற்றிலும் சவுக்கு மரங்கள் சூழ்ந்த புல்வெளியின் தரை மட்டத்தில் முன்னதாகவே விழுந்திருக்க வேண்டும். பதிவேட்டில் உயரத்தையும் எழுதியிருக்கலாம்.

மே 31, இரவு 8.50

2003இல் இதே நாளில்தான் சென்னையில் 45 டிகிரி பதிவானது. கடற்காற்று உரிய நேரத்தில் உள்ளே வந்திருந்தால் அப்படி ஓர் அளவு வந்திருக்காது. அன்று மாலை நான்கு மணிக்குப் பேருந்தில் ஏறக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துவிட்டு உடனே கையை எடுத்தது நினைவிருக்கிறது. நடத்துநர் பணப்பையின் மேல் ஈரத் துண்டைப் போட்டிருந்தார்.

இன்று அந்த அளவு இல்லை, ஆனால் கச்சான் நன்றாகவே கிளம்பிவிட்டது. காலை முழுவதும் திரைச்சீலை சன்னலுக்கு வெளியே, கடலைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தது. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று எழுதத் தயாராக உட்கார்ந்திருந்தேன். மூன்று பத்துக்குத்தான் உள்ளே திரும்பியது. ஐந்தரைக்கு அக்காவை அழைத்தேன். "இன்னும் வரலடா, வேப்பமரம் இன்னிக்கும் மேக்கேருந்துதான் ஆடுது" என்றாள். ஆறரைக்கு அவளே அழைத்தாள். காற்று வந்ததைச் சொல்லத்தான் என்று நினைத்தேன். மின்சாரம் போய்விட்டதைச் சொன்னாள். அவள் பத்தியில் இன்று கோடு போட்டிருக்கிறேன்.

திரியும் மறுபடி விறைத்துவிட்டது. வடித்த நீர் தீர்ந்ததும் வீட்டில் யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். நாளை காலை மாற்ற வேண்டும்.